அரைச்ச மாவையே அரைப்பது ஏன்? டிராகன் குவெஸ்ட் போட்ட ஒப்பந்தம்

"அரைச்ச மாவையே அரைக்கிறான்"னு நம்ம ஊர்ல சொல்வோம். ஆர்.பி.ஜி. ஆடுறவங்க அகராதியில அதுக்குப் பேர் கிரைண்டிங். ஒரே மான்ஸ்டரைத் திரும்பத் திரும்ப அடிச்சு, பாயிண்ட் சேர்த்து, லெவல் ஏத்துறது. இன்னைக்கு இது பலருக்கும் சலிப்பான வேலை. ஆனா 1986-ல ஜப்பான்ல இது ஆடுறவங்களுக்கு ஒரு சலுகையா வந்து சேர்ந்தது. அந்தக் கதைதான் இன்னைக்கு.

லெவல், எக்ஸ்பீரியன்ஸ் பாயிண்ட் எல்லாம் 1974-ல வந்த டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டிலேயே உண்டு. 1981-ல ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசர்ட்ரி அதைத் திரைக்குக் கொண்டுவந்த முக்கியமான கேம்களில் ஒன்று. ஆனா அது ரொம்பக் கறார். உங்க வீரன் செத்தா, கோயில்ல காசு கட்டி உயிர்ப்பிக்கலாம். அது தோத்தா சாம்பல். மறுபடியும் தோத்தா ஆளே காலி. மாசக்கணக்கா வளர்த்தவன் ஒரே ராத்திரியில போயிடுவான்.

விசர்ட்ரியை விரும்பி ஆடினவர்களில் ஒருவர் யூஜி ஹோரி. அவர் வடிவமைச்ச டிராகன் குவெஸ்ட், 1986 மே 27 அன்று நிண்டெண்டோவின் ஃபாமிகாமில் வெளிவந்தது. இது வீட்டு டிவியில் சின்னப் பசங்களும் ஆடுற மெஷின். அதனால ஹோரி ஒப்பந்தத்தையே மாத்தி எழுதினார். இதுல நீங்க செத்தா ராஜா முன்னாடி போய் எழுந்திருப்பீங்க. கையில இருந்த காசுல பாதி போகும். ஆனா எக்ஸ்பீரியன்ஸ்ல ஒரு பாயிண்ட்கூடக் குறையாது.

இதுதான் திருப்புமுனை. விசர்ட்ரியில நேரம்ங்கிறது எப்போ வேணும்னாலும் பறிபோகும் சொத்து. டிராகன் குவெஸ்ட்ல அது யாரும் தொட முடியாத சேமிப்பு. கைத்திறமை இல்லாதவனும் பொறுமையா இருந்தா கடைசி வரை போகலாம்.

அதுக்காக யோசிக்கவே வேண்டாம்னு அர்த்தம் இல்லை. ஆரம்பத்துல ராஜா 120 கோல்டு தருவார். கடையில தடி 60, தோல் கவசம் 70. ரெண்டும் சேர்த்தா 130. பத்து ரூபாய் பத்தாது! அடிக்கவா, தாங்கவான்னு முதல் நிமிஷத்திலேயே முடிவு பண்ணணும். பாலம் தாண்டினா மான்ஸ்டர் பலமாகும். சத்திரத்துக்குத் திரும்ப எவ்வளவு உயிர் மிச்சம் வேணும்னு மனசுக்குள்ள கணக்கு ஓடிக்கிட்டே இருக்கும்.

நான் இதை முதல்ல போன்லதான் ஆடினேன். ஒரு ஊர் வாசல்ல கோலம்னு ஒரு கல் பூதம் நிக்கும். அதைத் தோற்கடிக்க ஒரு வாரம், ஆபீஸ் முடிஞ்சு தினமும் உட்கார்ந்து அரைச்சேன். ஜெயிச்ச பிறகுதான் தெரிஞ்சது, ஒரு புல்லாங்குழல் ஊதினா அது தூங்கிடும்னு. அந்தக் குறிப்பை ஊர்க்காரங்க வாயிலேயே வச்சிருந்தாங்க. நான்தான் நின்னு கேட்கலை. அப்போதான் புரிஞ்சது: கிரைண்டிங் என்பது திட்டம் இல்லாதவனுக்கு கேம் தரும் கடன். வட்டி, உங்க நேரம்.

ஒரு இன்ஜினியரா எனக்குப் பிடிச்ச விஷயம் ஒண்ணு. முழு கேமும் 64 கிலோபைட். கடைசி லெவலான 30-க்குத் தேவை 65,535 பாயிண்ட். ரெண்டு பைட்ல அடங்குற மிகப்பெரிய எண் அது! ஜப்பான் பதிப்புல சேவ் வசதியும் கிடையாது. 20 எழுத்து பாஸ்வேர்டை நோட்டுல எழுதி வைக்கணும். ஒரு எழுத்து தப்பினா அத்தனை மணி நேர உழைப்பும் போச்சு. சாவு தொட முடியாத சேமிப்பை ஒரு பென்சில் அழிச்சிடும்.

இன்னைக்குப் பல மொபைல் கேம்களில் அரைக்கிறதும் உண்டு, அதைத் தாண்டிப்போகக் காசு கட்டுற வழியும் உண்டு. ஹோரியின் கேமில் நீங்க ஒரு மணி நேரம் கூடுதலா அரைச்சா கம்பெனிக்கு ஒரு யென்கூட லாபம் இல்லை. அதனால அந்தச் சலிப்பு நேர்மையானது. காசு கேட்கிற கேமில், சலிப்பே கடைச்சரக்கு.

அடுத்த தடவை ஒரு கேம் உங்களை அரைக்கச் சொன்னா, ரெண்டு கேள்வி கேளுங்க. எங்கேயாவது ஒரு புல்லாங்குழல் இருக்கா? இல்லைன்னா, இந்த நேரத்துக்கு யார் கல்லா கட்டுறாங்க?

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.