இரவுக் குறைசுவாசமும் தோல்வழி அளவீடும்: 2012 விதியை வாசிக்கும் முறை பற்றி

உறக்க ஆய்வில் தோலின் மேல் ஒட்டப்படும் சென்சார் காட்டும் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தை நம்ப முடியாது என்னும் கருத்து நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரே வகைச் சோதனை: தமனியில் எடுத்த இரத்தத்தின் மதிப்பை அந்தக் கணத்துச் சென்சார் மதிப்போடு ஒப்பிடுவது. இரண்டின் வேறுபாடு ±7.5 மி.மீ. பாதரசத்துக்குள் அடங்காவிட்டால் கருவி தகுதியற்றதாகிவிடும். கணக்கில் குறையில்லை; கேள்விதான் பொருந்தவில்லை. ஏனெனில், வயதுவந்தோரின் குறைசுவாசத்தை வரையறுக்கும் விதி தனிக் கணத்தைப் பற்றியதே அல்ல.

அமெரிக்க உறக்க மருத்துவக் கழகத்தின் 2012ஆம் ஆண்டு விதி இரு வழிகளைத் தருகிறது. ஒன்று, அழுத்தம் 55 மி.மீ.க்கு மேல் 10 நிமிடமாவது நீடிக்க வேண்டும். மற்றது, விழித்து மல்லாந்து படுத்திருந்தபோது இருந்த அளவைவிட 10 மி.மீ.யாவது உயர்ந்து, 50ஐத் தாண்டி, 10 நிமிடமாவது நிற்க வேண்டும். இரண்டாவதை முதலாவதன் தளர்ந்த வடிவமாக வாசிப்பதே வழக்கம். என் வாசிப்பு வேறு: இரண்டும் கருவியிடம் வெவ்வேறு தகுதிகளைக் கேட்கின்றன. முதல் வழிக்கு மதிப்பு மெய்யாக இருக்க வேண்டும். இரண்டாவதற்கு அது நிலையாக இருந்தால் பெரும்பாலும் போதும்.

சென்சார் எப்போதும் 4 மி.மீ. கூடுதலாகக் காட்டுகிறது என்று கொள்வோம். விழிப்பில் 44, உறக்கத்தில் 51.5 உள்ள நோயாளிக்கு அது 48, 55.5 எனக் காட்டும். முதல் வழிப்படி அவருக்குக் குறைசுவாசம் உண்டு; இரண்டாவதன்படி இல்லை, உயர்வு 7.5 மட்டுமே. நிலையான பிழை கழித்தலில் மறைந்துவிடுகிறது. ஆனால் ‘50ஐத் தாண்டி’ என்னும் நிபந்தனை மெய்மதிப்பைப் பின்வாசல் வழியாக உள்ளே கொண்டுவருகிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். விழிப்பில் 38, உறக்கத்தில் 48.5 உள்ளவர் இதே சென்சாரில் 52.5 எனப் பதிவாகித் தவறாக உள்ளே வருவார். படுக்கும் முன் ஒருமுறை தமனி இரத்தம் எடுத்துச் சென்சாரோடு ஒப்பிட்டால் இது தீரும். ‘அப்படியானால் ஊசியில்லாத முறை என்பது எங்கே?’ என்பார்கள். விழித்திருப்பவரைக் குத்தும் ஊசி உறக்கத்தைக் கலைப்பதில்லை. சென்சார் இரண்டொரு நிமிடம் பின்தங்குகிறது என்பதும் 10 நிமிட விதிக்குப் பொருட்டல்ல.

உண்மையான இடர் டிரிஃப்ட், அதாவது சென்சாரின் காட்டல் நேரம் செல்லச் செல்ல மெய்மதிப்பிலிருந்து விலகிச் செல்வது. காலையில் சென்சாரைக் கழற்றி அளவுத்திருத்த வாயுவில் வைக்கும்போது தெரியும் வேறுபாட்டை மென்பொருள் இரவு முழுதும் சீராகப் பகிர்ந்து கழிக்கிறது. அந்தச் சீர்மை ஓர் ஊகம்தான். 8 மணி நேரத்தில் 6 மி.மீ. மேல்நோக்கிய டிரிஃப்ட் என்று வைப்போம். அது முழுவதும் முதல் மணி நேரத்திலேயே நடந்திருந்தால், இரண்டாம் மணி முடிவில் 1.5 மட்டுமே கழிந்து, 4.5 மி.மீ. பொய் உயர்வு எஞ்சும். மாறாக, கடைசி மணியில் நடந்திருந்தால், ஆறாம் மணி முடிவில் 4.5 மி.மீ. மெய் உயர்வு வீணாகக் கழிக்கப்படும். ரெம் உறக்கத்தில் 11 உயர்ந்தவருக்கு அறிக்கை 6.5 என்றுதான் சொல்லும். குறைசுவாசம் மிகக் கடுமையாவது ரெம் உறக்கத்தில்; ரெம் பெரும்பாலும் இரவின் பிற்பகுதியில். ஆகவே இரண்டாவது பிழையே மோசமானது. கருவியைப் பழிப்பவர்கள் இந்தத் திருத்தத்தை மட்டும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டது வியப்பு.

மெய் உயர்வையும் டிரிஃப்ட்டையும் பிரித்தறிய வரைகோட்டின் வடிவம் உதவும். ரெம்மோடு ஏறி, விழிப்பில் இறங்கும் உயர்வு உடலுடையது. டிரிஃப்ட் விழிப்பை அறியாது. எனினும் இறங்காத உயர்வெல்லாம் டிரிஃப்ட் என்றும் கூறிவிட இயலாது. உடலின் கார்பன் டை ஆக்சைடு சேமிப்பு பெரிது. பைகார்பனேட் கூடிய நாட்பட்ட நோயாளியிடம் அழுத்தம் மெல்லத்தான் இறங்கும். எனவே திருத்தாத கோடும் திருத்திய கோடும் அறிக்கையில் சேர்ந்தே இடம்பெற வேண்டும்.

மூச்சின் இறுதிக் காற்றை அளப்பதே எளிய மாற்று என்பவர்களுக்கு நீண்ட பதில் தேவையில்லை. வாயால் மூச்சுவிட்டாலோ கூடுதல் ஆக்சிஜன் கொடுத்தாலோ அந்த மதிப்பு நீர்த்துப்போகும். முகக்கவச அழுத்தத்தைச் சரிசெய்யும் இரவுகளுக்கு விதியே அதை ஏற்கவில்லை.

பழைய ஐயம் முழு வலுவோடு பொருந்துவது குழந்தைகளிடம். அவர்களுக்கான விதி மொத்த உறக்கத்தில் 25 விழுக்காட்டுக்கு மேல் 50 மி.மீ.யைத் தாண்டுவதையே பார்க்கிறது. உயர்வைக் கேட்பதே இல்லை. இரவெல்லாம் 48இல் தட்டையாக ஓடும் குழந்தையின் கோட்டை 4 மி.மீ. பிழை அப்படியே எல்லைக்கு மேலே தூக்கிவிடும். கண்டறியும் ஆய்வில் இந்த அளவீடு வயதுவந்தோருக்கு விருப்பத்தேர்வு, குழந்தைகளுக்கோ பரிந்துரை. விழிப்பில் இரத்தத்தோடு சென்சாரை ஒப்பிடுவது இன்றியமையாததும் குழந்தைகளின் ஆய்வில்தான். குழந்தைக்குத் தமனி ஊசி தயக்கம் தருமாயின், சூடாக்கிய காது மடலின் தந்துகி இரத்தத் துளியைக் கொண்டு அதைச் செய்யலாம்.