ரஷ்ய வினைச்சொல்லும் நம் தமிழும்: கண்டிப் பிள்ளைகள் அறிய வேண்டிய ஒரு வரலாறு

 

உயர்தரப் பெறுபேறு வந்ததும் அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை, கம்பளை என்று நம் பக்கத்து வீடுகளில் ஒரு பேச்சுத் தொடங்கும். "இங்கே மெடிசினுக்கு வெட்டுப்புள்ளி காணாது. பிள்ளையை ரஷ்யாவுக்கு அனுப்பினால் என்ன?" வாப்பா காணியை ஈடு வைப்பார். உம்மா நகையை எடுத்துக் கொடுப்பார். விசா, டிக்கெட், குளிருக்கு உடுப்பு எல்லாம் தயாராகும். மொழி மட்டும் தயாராகாது. "பாடம் இங்கிலீஷில்தானே" என்று விட்டுவிடுவோம். விரிவுரை ஆங்கிலத்தில் நடக்கலாம். வாட்டில் படுத்திருக்கும் நோயாளி தன் வருத்தத்தை ரஷ்ய மொழியில்தான் சொல்வார்.

சரி என்று ரஷ்ய மொழியைத் தொடங்கும் பிள்ளையும் ஆங்கிலத்தில் எழுதிய புத்தகத்தைத்தான் கையில் எடுக்கிறது. வினைச்சொல் அட்டவணையைக் கண்டதும் தலை சுற்றுகிறது. இந்த இடத்தில் நம் பிள்ளைகளிடம் ஏற்கெனவே ஒரு சாவி இருக்கிறது. அது தமிழ். இதை முதலில் கண்டுகொண்டவர்கள் நாம் அல்ல, ரஷ்யர்கள். அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

15ஆம் நூற்றாண்டில் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகித்தின் தக்காணம் வரை வந்தார். 'மூன்று கடல்களுக்கு அப்பால்' என்ற அவருடைய பயணக் குறிப்பில் இலங்கையும் வருகிறது. அங்கே உயர்ந்த மலையில் 'பாபா ஆதாம்' இருக்கிறார் என்று எழுதியிருக்கிறார். நம் பெரியவர்கள் பாவாத மலை என்று சொல்லும் அதே மலைதான். இலங்கைக்கு அவர் வந்ததில்லை, துறைமுகங்களில் கேட்டதை எழுதினார். அந்த ரஷ்யக் குறிப்பின் இடையிடையே துருக்கி, பாரசீக, அறபுச் சொற்கள் ரஷ்ய எழுத்தில் கலந்து கிடக்கின்றன. சந்தையில் காதால் கேட்டுப் படித்த மொழி அது.

அடுத்து, கெராசிம் லெபெதேவ் என்ற வயலின் கலைஞர். 1785இல் சென்னைக்கு வந்து இரண்டு ஆண்டு தங்கியபோது தமிழ் படித்தார். பிறகு கல்கத்தா போய் வங்காள மொழியில் நாடகம் போட்டார். 1801இல் இலண்டனில் இந்திய மொழி இலக்கண நூல் ஒன்றையும் வெளியிட்டார்.

நம் ஊர்ப் பக்கம் வருவோம். புனித பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துப் பாளி அறிஞர் இவான் மினாயெவ் 1874இல் இலங்கை வந்தார். எழுத்தாளர் செகாவ் 1890 நவம்பரில் சகலின் தீவிலிருந்து திரும்பும் வழியில் கொழும்பில் இறங்கி, ரயில் ஏறிக் கண்டிக்கு வந்தார். அந்தப் பாதை 1867இலேயே திறக்கப்பட்டிருந்தது.

இவர்கள் எல்லாரையும் விட நமக்கு முக்கியமானவர்கள் அலெக்சாந்தர் மெர்வார்த், லுத்மிலா மெர்வார்த் தம்பதியர். பீட்டர்ஸ்பர்க் மானிடவியல் அரும்பொருளகம் 1914இல் இவர்களை இலங்கைக்கும் இந்தியாவுக்கும் அனுப்பியது. ஊர் ஊராகப் போய்ப் பொருட்களைச் சேகரித்தார்கள், மக்களின் மொழிகளையும் படித்தார்கள். அலெக்சாந்தர் 1929இல் லெனின்கிராட்டில் ரஷ்ய மொழியில் ஓர் இலக்கண நூல் வெளியிட்டார். அதன் பொருள் பேச்சுத் தமிழ்! பண்டிதத் தமிழை விட்டு, மக்கள் வாயில் புழங்கும் தமிழை இலக்கணமாக எழுதினார். அடுத்த ஆண்டே அரசியல் வழக்கில் கைதானார். 1932இல் முகாமில் இறந்துபோனார். அவர் திறந்த வழி அடைபடவில்லை. 1960இல் பியாத்திகோர்ஸ்கியும் ரூதினும் தொகுத்த தமிழ்–ரஷ்ய அகராதி மாஸ்கோவில் வெளிவந்தது. 1965இல் அந்திரோனோவ், இப்ராகிமோவ், யுகானோவா ஆகியோரின் ரஷ்ய–தமிழ் அகராதி வந்தது. ஆங்கிலத்தை இடையில் வைக்காமல் தமிழிலிருந்து ரஷ்ய மொழிக்கு நேரே போக அன்றே பாலம் போட்டுவிட்டார்கள்.

அதே காலத்தில்தான் நம் பிள்ளைகளும் அங்கே போகத் தொடங்கினார்கள். 1957இல் இலங்கைக்கும் சோவியத் நாட்டுக்கும் இராஜதந்திர உறவு ஏற்பட்டது. மாஸ்கோவுக்கு முதல் தூதுவராகப் போனவர் பாளி அறிஞர் ஜி. பி. மலலசேகர. 1960இல் மாஸ்கோவில் மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அடுத்த ஆண்டு அதற்குப் பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்டது. ஆசிய, ஆபிரிக்க, இலத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கு அங்கே இலவசக் கல்வி. பின்னாளில் ஜே.வி.பி.யைத் தொடங்கிய ரோகண விஜேவீரவும் 1960இல் மருத்துவம் படிக்க அங்கே போனவர்தான். அங்கே ஓர் ஒழுங்கு இருந்தது. பாடம் தொடங்குமுன் ஓர் ஆண்டு ஆயத்த வகுப்பு, அதில் முதல் வேலை மொழி. அன்று அரசாங்கச் செலவில் கிடைத்த அந்த ஓர் ஆண்டை, இன்று காசு கட்டிப் போகும் பலர் மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார்கள். கஷ்டம் அங்கேதான் தொடங்குகிறது.

இனிச் சாவிக்கு வருகிறேன். உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் முழுதாகக் காட்ட முடியாது. கிட்டத்தட்ட எழுதுகிறேன், சரியான ஒலியை ஒலிப்பதிவில் கேட்டுப் பழகுங்கள்.

முதலாவது, 'இரு' என்ற வினை. ஆங்கிலத்தில் 'நான் ஆசிரியர்' என்று சொல்ல இடையில் 'ஆம்' வேண்டும். ரஷ்ய மொழியில் நிகழ்காலத்தில் அது வேண்டாம். 'யா உச்சீத்தெல்', அவ்வளவுதான். யா என்றால் நான், உச்சீத்தெல் என்றால் ஆசிரியர். தமிழும் அப்படித்தான். சிங்களத்தில் 'மம குருவரயெக்' என்பதும், மத்ரசாவில் படித்த 'அனா முஅல்லிம்' என்பதும் அதே அமைப்புத்தான். நம் பிள்ளைக்கு மூன்று மொழியில் பழக்கமான விஷயம் இது. ஆங்கிலம் வழியாகப் படிக்கும்போதுதான் "வினை எங்கே போனது?" என்று தேட வேண்டி வருகிறது.

இரண்டாவது, உடைமை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பது ரஷ்ய மொழியில் 'உ மின்யா யெஸ்த் க்னீகா'. 'உ மின்யா' என்றால் என்னிடம், 'யெஸ்த்' என்றால் இருக்கிறது, 'க்னீகா' என்றால் புத்தகம். அமைப்பு தமிழைப் போலத்தான், 'இருக்கிறது' மட்டும் புத்தகத்துக்கு முன்னால் வருகிறது. அறபியில் 'இந்தீ கிதாப்' என்பதும் இதே போக்குத்தான்.

மூன்றாவது, 'எனக்கு' என்று தொடங்கும் வாக்கியங்கள். எனக்குக் குளிர்கிறது, எனக்குப் பிடிக்கும், எனக்கு இருபது வயது. இம்மூன்றிலும் ரஷ்யர் 'ம்னே' என்று தொடங்குவார். ம்னே என்றால் எனக்கு. நான்காம் வேற்றுமையை ஒன்பதாம் வகுப்பில் படித்த பிள்ளைக்கு இதை விளக்கவே தேவையில்லை.

நான்காவது, விகுதி. 'தேலத்' என்றால் செய்தல். (இதன் முதல் ஒலி 'பந்து' என்பதில் வரும் த.) அதன் நிகழ்காலத்தைப் பாருங்கள்:

செய்கிறேன் – தேலயு
செய்கிறாய் – தேலயெஷ்
செய்கிறான், செய்கிறாள் – தேலயெத்
செய்கிறோம் – தேலயெம்
செய்கிறீர்கள் – தேலயெத்தே
செய்கிறார்கள் – தேலயுத்

விகுதியே ஆளைக் காட்டிவிடுகிறது. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. பேராசிரியரிடம் 'தீ' என்று பேசினால், பெரியவரை 'நீ' என்றது போலாகும். 'வீ' என்றுதான் பேச வேண்டும். இதே விகுதிகள் வாசித்தல், அறிதல், விளங்குதல், வேலை செய்தல் என்ற வினைகளுக்கும் வரும். பேசுதல், பார்த்தல் போன்றவற்றுக்கு இன்னொரு வாய்பாடு உண்டு. பெரும்பாலான வினைகள் இந்த இரண்டு வாய்பாடுகளில் அடங்கிவிடும். நமக்கு மெல்வினை, வல்வினை போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இறந்தகாலம் இன்னும் லேசு. செய்தான் என்றால் 'தேலல்', செய்தாள் என்றால் 'தேலலா', செய்தார்கள் என்றால் 'தேலலி'. இங்கே ஒரே ஒரு கவனம் வேண்டும். 'நான் செய்தேன்' என்று சொல்லும்போதும் ஆண் 'யா தேலல்' என்பார், பெண் 'யா தேலலா' என்பார். தமிழில் இந்த வேறுபாடு இல்லை. ஆகவே பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே தத்தம் வடிவத்தைச் சொல்லிப் பழக வேண்டும்.

ஐந்தாவதுதான் எல்லாரும் பயப்படும் இடம். ரஷ்ய வினை அனேகமாகச் சோடியாக வரும். 'தேலல்' என்றால் செய்தான், செய்துகொண்டிருந்தான். முடித்தானா என்பது அதில் தெரியாது. 'ஸ்தேலல்' என்றால் செய்து முடித்துவிட்டான். தமிழில் 'விடு' என்ற துணைவினை செய்கிற வேலையில் பெரும்பகுதியை அங்கே முன்னொட்டுச் செய்கிறது. நோயாளி 'பில்' என்றால் மருந்து குடித்து வந்தார். 'வீபில்' என்றால் குடித்துவிட்டார். இந்த வித்தியாசம் காதில் விழாத மருத்துவ மாணவன் நோயாளியின் கதையைப் பிழையாக எழுதுவான். ஆனால் 'விடு'வை எல்லா இடத்திலும் அப்படியே பொருத்த முடியாது. தமிழில் 'விட்டேன்' சேர்க்காமலும் பேசலாம். ரஷ்ய மொழியில் ஒவ்வொரு முறையும் சோடியில் ஒன்றைத் தெரிவு செய்தே ஆக வேண்டும். அதனால் வினைகளைத் தனித்தனியாகப் பாடமாக்காமல் சோடியாகவே எழுதிப் பாடமாக்குங்கள்.

ஆறாவது, 'போ'. இதில் தமிழ் உதவாது, கண்டி வீதி உதவும். வாவிக்கரையில் நடந்து போய்க்கொண்டிருந்தால் 'இத்தி'. வெள்ளிக்கிழமை தோறும் பள்ளிவாசலுக்கு நடந்து போய் வந்தால் 'ஹதீத்'. கொழும்புக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தால் 'யேஹத்'. அக்குறணையிலிருந்து தினமும் பஸ்ஸில் கண்டிக்குப் போய் வந்தால் 'யேஸ்தித்'. நடையா வாகனமா, ஒரு முறை ஒரே திசையா அல்லது போய் வரும் வழக்கமா என்ற இரண்டு கேள்விக்கும் பதில் தெரிந்தால் வினை தானாக வரும். செகாவ் கண்டிக்கு வந்த ரயில் பயணத்தை ரஷ்யர் ஒருவர் சொன்னால் 'யேஹத்' வரிசைச் சொல்லையே எடுப்பார், 'இத்தி' சொன்னால் மனிதர் நடந்தே மலை ஏறியதாகிவிடும்.

ரஷ்யப் பல்கலைக்கழகத்தில் படிக்க எதிர்பார்க்கும் முதலாம் சான்றிதழ் நிலைக்குச் சுமார் 2300 சொற்கள் வேண்டும். தொடக்க நிலைக்குச் சுமார் 780 போதும். பெறுபேற்றுக்கும் பயணத்துக்கும் இடையில் பிள்ளை வீட்டில் சும்மா இருக்கும் மாதங்களில் அந்த 780ஐப் பிடித்துவிடலாம். இரு, செய், அறி, விளங்கு, பேசு, வாசி, எழுது, உண், குடி, வாழ், விரும்பு, போ என்று ஒரு பன்னிரண்டு வினையிலிருந்து தொடங்குங்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ரஷ்யச் சோடி. ரஷ்ய எழுத்து மொத்தம் 33தான். 247 எழுத்தைப் பழகிய கைக்கு அது பாரமில்லை.

நம் ஊர்களில் ரஷ்யாவில் படித்துத் திரும்பிய நானாமார், ராத்தாமார் இருக்கிறார்கள். இவ்வருடம் போகவிருக்கும் பிள்ளைகளை வாரத்தில் ஒரு மாலை அவர்களோடு உட்கார வைக்க முடியுமா என்று ஒவ்வொரு ஊரிலும் பேசிப் பாருங்கள். பள்ளிக்கூட வகுப்பறை ஒன்று போதும். காசு வேண்டாம், கரும்பலகையும் ஒரு கொப்பியும் இருந்தால் சரி. காணியை ஈடு வைக்குமுன் அந்த ஒரு மாலைக்கு ஏற்பாடு செய்துவிடுங்கள்.