ஊர்வாயும் உலைமூடியும்

உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூடலாகாது என்பது தமிழர் வழங்கும் பழமொழி. பெருங் கம்பனிகள் தோன்றிய காலத்தில், பொருள் கொடுத்தால் ஊர்வாய்க்கும் ஒரு மூடி செய்வித்துக் கொள்ளலாம் என்று எண்ணிய செல்வர் பலர் இருந்தனர். அம்மூடியைச் செய்து கொடுக்கும் தொழிலாகத் தொடங்கியதே, இன்று நிறுவனத் தொடர்பாடல் முகாமைத்துவம் என்னும் பெயருடன் பல்கலைக்கழகங்களிற் பட்டத்துக்குரிய பாடமாக விளங்குகின்றது. ஒரு தொழில் கல்வித்துறையாக உயர்ந்த இவ்வரலாறு, சொல்லுக்கும் செயலுக்கும் இடையே நிகழ்ந்த நீண்ட வழக்கின் வரலாறுமாகும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவிலே புகையிரதம், நிலக்கரி, எண்ணெய் ஆகிய துறைகள் சிலர் கையில் ஒடுங்கின. அவர்கள் மக்களுக்கு விடையிறுக்கும் கடமை தமக்குண்டு என எண்ணினாரல்லர். ஆயினும் பத்திரிகைகள் வாளாவிருக்கவில்லை. ஐடா டார்பெல் என்னும் பெண்மணி ஸ்ராண்டர்ட் எண்ணெய்க் கம்பனியின் நடைமுறைகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரைகள் 1904 இல் நூலாக வெளிவந்தபோது, கம்பனிகள் முதன்முறையாக ஊர்வாய்க்கு அஞ்சின.

அவ்வச்சத்தினாற் பிறந்தது ஒரு புதுத் தொழில். ஐவி லீ என்பவர் முன்னர்ப் பத்திரிகையாளராக இருந்தவர். 1906 இல் நிலக்கரிச் சுரங்க உரிமையாளர்கள் அவரைத் தமக்காகப் பேச அமர்த்தினர். அவர் பத்திரிகைகளுக்கு ஒரு கொள்கை விளக்கத்தை அனுப்பினார். தம் பணி மறைவாக நடைபெறாது. தரும் செய்தி பிழையற்றதாக இருக்கும். கேட்பவர்க்கு மேலும் விபரம் விரைவில் அளிக்கப்படும் என்பது அதன் சாரம். வாய்திறவாத முதலாளிகளையே அறிந்திருந்த பத்திரிகையாளருக்கு இது புதுமையாயிற்று.

எட்டு ஆண்டுகளின் பின் அக்கொள்கைக்குச் சோதனை வந்தது. கொலராடோ மாநிலத்தில், றொக்பெல்லர் குடும்பத்தின் ஆதிக்கத்திலிருந்த கம்பனி ஒன்றின் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்து, லட்லோ என்னுமிடத்திற் கூடாரங்களில் வாழ்ந்தனர். 1914 ஏப்பிரல் 20 ஆந் திகதி மாநிலப் படையினர் அக்கூடாரங்களைத் தாக்கினர், கூடாரங்கள் தீக்கிரையாயின. துப்பாக்கிக் குண்டுக்கு அஞ்சி நிலத்தடிக் குழியொன்றில் ஒளித்திருந்தோருள் இரண்டு பெண்களும் பதினொரு குழந்தைகளும் மூச்சடைத்து மாண்டனர்.

நாடு கொதித்தெழுந்தது. றொக்பெல்லர் குடும்பம் ஐவி லீயை அழைத்தது. அவர் வெளியிட்ட துண்டு வெளியீடுகள் கம்பனியின் பக்கத்தையே கூறின. தொழிற்சங்கத் தலைவர் சிலர் ஓராண்டிற் பெற்ற ஊதியத்தை, ஒன்பது கிழமைகளிற் பெற்றதாகவும் அவை கூறின. அரசாங்க விசாரணைக் குழுவின் முன் இதுபற்றிக் கேட்கப்பட்டபோது, கம்பனி தந்த செய்திகளையே வெளியிட்டதாகவும், அவற்றின் மெய்ம்மையைத் தாம் ஆராயவில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். பிழையற்ற செய்தி தருவேன் என்று 1906 இல் எழுதிய அதே கைதான் இதனையும் எழுதிற்று. சொல்லை மட்டும் விற்பவன், வாங்குபவனின் பொய்யையும் சேர்த்து விற்க நேரும் என்பது அன்று வெளிப்பட்டது.

அடுத்த ஆண்டில் இளைய றொக்பெல்லர் தாமே கொலராடோவுக்குச் சென்றார். பின்னாளிற் கனடாவின் பிரதமராகிய மக்கென்சி கிங் அவருடன் சென்றார். சுரங்கத்தில் இறங்கியும், தொழிலாளருடன் உண்டும், அவர்தம் குறைகளைக் கேட்டும் றொக்பெல்லர் சிலநாள் கழித்தார். தொழிலாளர் பிரதிநிதிகள் முகாமையுடன் பேசுதற்கு ஒரு திட்டமும் வகுக்கப்பட்டது. தொழிற்சங்கத்தை ஏற்காத அத்திட்டம் குறையுடையதே. எனினும் ஆயிரந் துண்டு வெளியீடுகள் செய்யாததை, ஒருவர் நேரிற் சென்று செவிசாய்த்தமை ஓரளவு செய்தது.

இத்தொழில் பல்கலைக்கழகத்தின் வாயிலை அடைந்தது 1923 இலாகும். அவ்வாண்டு நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் எட்வேர்ட் பேர்ணேஸ் பொதுசனத் தொடர்பு பற்றிய பாடநெறியொன்றை நடாத்தினார். பொதுசன அபிப்பிராயம் உருவாகும் முறைபற்றிய அவரது நூலும் அவ்வாண்டிலேயே வெளிவந்தது. உளவியலறிஞர் சிக்மண்ட் புரொயிட்டின் மருகராகிய அவர், மனித மனத்தின் ஆழத்தை அறிந்தால் அதனை விரும்பிய திசையிற் செலுத்தலாம் என நம்பினார். 1929 இல் ஒரு புகையிலைக் கம்பனிக்காக, நியூயோர்க் வீதியிற் பெண்கள் வெளிப்படையாகச் சிகரெட் புகைத்துச் செல்லுமாறு ஏற்பாடு செய்து, அதனைப் பெண்விடுதலையின் அடையாளமாகக் காட்டினார். சிகரெட்டின் கேடு ஐயமற நிறுவப்பட்ட பின்னர் புகைத்தலுக்கு எதிரான முயற்சிகளுக்கு அவரே துணைநின்றார். இதனினுங் கொடிய செய்தியொன்றும் உண்டு. ஜேர்மனியின் பிரசார அமைச்சர் கொயபெல்ஸ், யூதருக்கு எதிரான தம் பிரசாரத்துக்குத் தமது நூலைப் பயன்படுத்தினார் என்று 1933 இல் ஒரு பத்திரிகையாளர் வாயிலாக அறிந்து திடுக்குற்றதைப் பேர்ணேஸ் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியுள்ளார். அவரோ யூதர். அறத்தினின்று பிரித்துக் கற்பிக்கப்பட்ட வித்தை யார் கைக்கும் படைக்கலமாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இப்பாடத்துக்கு முகாமைத்துவம் என்னும் சொல் பொருந்துதற்குக் காரணரானவருள் ஆதர் பேஜ் தலையாயவர். 1927 இல் அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனியாகிய ஏ. டி. அன்ட் டி. அவரை உபதலைவராக அழைத்தது. வெறுமனே விளம்பரம் எழுதுதற்கு அவர் இணங்கவில்லை. கம்பனியின் கொள்கை வகுக்கப்படும் மேசையிலே தமக்கும் இடம் வேண்டும் என்றார். மக்கள் ஒரு நிறுவனத்தை மதிப்பது பெரும்பாலும் அது செய்வதனால், சிறுபாலே அது சொல்வதனால் என்பது அவர் துணிபு. ஆகவே செயலைத் திருத்தும் உரிமை இல்லாதவனுக்குப் பேசும் பொறுப்பைக் கொடுத்துப் பயனில்லை.

இரண்டாம் உலகப்போரின் பின் பல்கலைக்கழகங்கள் இத்துறைக்கு நிலையான இடமளித்தன. 1947 இல் பொஸ்தன் பல்கலைக்கழகம் பொதுசனத் தொடர்புக்கெனத் தனிப் பீடமொன்றை நிறுவிற்று. பிரித்தானியாவில் ஸ்ரேர்லிங் பல்கலைக்கழகம் 1988 இல் முதுமாணிப் பாடநெறியைத் தொடங்கியது. இவற்றின் இடையே, 1984 இல் ஜேம்ஸ் குரூணிக், ரொட் ஹண்ட் என்னும் பேராசிரியர் இருவர் இத்தொழிலின் வரலாற்றை நான்கு வகையாக வகுத்தனர். ஆரவாரம் செய்து கவனத்தை ஈர்ப்பது ஒன்று. செய்தியை அறிவிப்பது மற்றொன்று. மக்கள் மனத்தை ஆராய்ந்து அவர்களை இணங்கச் செய்வது மூன்றாவது. மக்கள் கூறுவதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாற்றிக் கொள்வது நான்காவது. நான்காவதே மேலானது என்பது அவர் கருத்து. பணமும் அதிகாரமும் ஒருபக்கமே குவிந்திருக்கையிற் சமமான உரையாடல் எங்ஙனம் கூடும் என்று வினவும் அறிஞரும் உளர். அவ்வினாவும் இன்று பாடத்தின் ஒரு பகுதியாகும்.

மாணவர்க்கு எடுத்துக்காட்டாகப் பெரிதும் கூறப்படுவது 1982 இல் சிக்காகோப் பகுதியில் நிகழ்ந்ததாகும். ரைலனோல் என்னும் வலிநீக்கி மருந்துக் குளிகைகளில் யாரோ சயனைட் நஞ்சைக் கலந்தமையால் எழுவர் இறந்தனர். மருந்தை உற்பத்தி செய்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கம்பனி மக்களை எச்சரித்து, நாடெங்கும் இருந்த ஏறக்குறைய 3 கோடியே 10 இலட்சம் குப்பிகளை மீளப் பெற்றுக்கொண்டது. நட்டம் 10 கோடி டொலருக்கு மேலாயிற்று. எளிதில் திறந்து நஞ்சு கலக்கவொண்ணாத புதிய உறையிலே மருந்து மீண்டும் வந்தது. மக்கள் அதனை மீண்டும் வாங்கினர். அங்கே பேசியது அறிக்கையன்று. கடைத்தட்டுகளிலிருந்து அகற்றப்பட்ட குப்பிகளே பேசின.

1995 இல் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் நகர்ப் பேராசிரியர் வான் றீல், நிறுவனத் தொடர்பாடலின் கோட்பாடுகளை ஆங்கிலத்தில் நூலாக்கினார். முகாமையாளர் பேசுவது, சந்தைக்காகப் பேசுவது, ஊழியர் முதலிய ஏனையோருடன் பேசுவது ஆகிய மூன்றும் ஒரே குரலாய் இசையவேண்டும் என்றார். அதனால் இன்றைய மாணவன் எழுத்துத் திறனை மட்டும் கற்பதில்லை. நற்பெயர் எங்ஙனம் உண்டாகின்றது, இடர் வந்துழி முதலில் யாருக்கு எதைச் சொல்வது, ஊழியரின் குறை மேலிடத்தை எட்டும் வழி யாது, சட்டமும் அறமும் விதிக்கும் எல்லை எது என்பனவும் அவன் பாடங்களாம்.

லட்லோவையும் சிக்காகோவையும் அருகருகே வைத்துக் கற்பவனுக்கு ஓருண்மை விளங்கும். இரண்டிடத்தும் உயிர்கள் மாண்டன; இரண்டிடத்தும் ஊர் கேள்வி கேட்டது. ஓரிடத்தில் முதலில் வந்தது அச்சிட்ட காகிதம். மற்றோரிடத்தில் முதலில் வந்தது செயல். ஊர்வாய்க்கு மூடி தேடிப் புறப்பட்ட தொழில், நூறாண்டு அலைந்தபின் கண்டறிந்தது மூடியை அன்று, செவியையே. அச்செவியைப் பயிற்றுவிக்கும் அளவுக்கே இப்பாடம் பல்கலைக்கழகத்தில் இருத்தற்குத் தகுதியுடையது. மூடி செய்யக் கற்பிப்பதாயின், அதற்கு ஒரு பட்டறையே போதும்.