கித்துல்கல: குகையும் கூப்பன் அரிசியும்

கொழும்பிலிருந்து ஹட்டனுக்குச் செல்லும் வீதியில் எட்டியாந்தோட்டையைத் தாண்டினால் கித்துல்கல. களனி கங்கையில் படகோட்ட வருவோருக்கும், 1957-இல் வெளிவந்த ‘குவாய் நதிப் பாலம்’ படத்துக்காகப் பாலம் கட்டித் தகர்த்த இடத்தைத் தேடி வருவோருக்கும் அது நன்கு அறிமுகமான ஊர். அங்கு பசியின் வரலாறு ஒன்றும் இருக்கிறது. அதைப் பற்றி எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

ஊருக்கு மேலே மலைச்சரிவில் பெலிலென என்ற குகை உள்ளது. தொல்லியலாளர் சிரான் தெரணியகல அங்கு நடத்திய அகழாய்வில் ஆதிமனிதரின் எலும்புகளும் சிறு கற்கருவிகளும் கிடைத்தன. எனக்கு அவற்றைவிட வியப்பளித்தவை அவர்களுடைய உணவின் மிச்சங்களே. காட்டு வாழை, காட்டு ஈரப்பலா, கெக்குன விதை, நத்தை ஓடுகள், சிறு விலங்குகளின் எலும்புகள் ஆகியவற்றோடு, கடற்கரையிலிருந்து கொண்டுவரப்பட்ட உப்பின் தடயமும் அங்கு இருந்தது. மழைக்காட்டில் மனிதன் நெடுங்காலம் பிழைத்திருக்க முடியாது என்றே அறிஞர் பலர் முன்பு கருதினர். 2015-இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினரும் இலங்கை ஆய்வாளரும் இணைந்து, இரத்தினபுரி மாவட்டத்தின் பட்டதொம்பலென உள்ளிட்ட இடங்களில் கிடைத்த பற்களை ஆராய்ந்தனர். இந்நாட்டு மக்கள் 20,000 ஆண்டுகளுக்கு முன்பே மழைக்காட்டு உணவைப் பெரிதும் நம்பி வாழ்ந்தனர் என்பது அதில் உறுதியாயிற்று. பல்கலைக்கழகங்கள் கைகோத்ததால் நமக்குக் கிடைத்த அறிவு இது.

அதே மலைகளில் காட்டை அழித்துத் தேயிலையும் றப்பரும் நட்டபின், அங்கு குடியேற்றப்பட்ட நம்மவர்களுக்கு அந்தக் காட்டில் உரிமை எதுவும் இருக்கவில்லை. அவர்கள் உண்ட அரிசி கப்பலில் வந்தது. அது சம்பளக் கணக்கில் கழிக்கப்பட்டது. கங்காணியின் கடன் புத்தகத்திலும் ஏறியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமானதும் அங்கிருந்து அரிசி வருவது நின்றது. உணவை விளைவிக்காத நிலத்தில் வாழ்வது எத்தகையது என்பதை அன்றுதான் நாடு முழுவதும் உணர்ந்தது. 1952 டிசம்பரில் சீனாவுடன் றப்பர்–அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. ஆண்டுக்கு 50,000 தொன் றப்பருக்கு 270,000 தொன் அரிசி என்பது ஏற்பாடு. கேகாலை றப்பர்த் தோட்டங்களில் அதிகாலையில் பால் வெட்டியவர்களின் உழைப்பு, இவ்வாறு நாட்டின் சோற்றுப் பானைக்குள் போய்ச் சேர்ந்தது.

இனி எட்டியாந்தோட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. 1934–35 மலேரியாக் கொள்ளை நோயின்போது இப்பகுதி மக்களுக்கு மருந்தும் பருப்பும் சுமந்து சென்று, ‘பருப்பு மாத்தையா’ என்று பெயர் வாங்கியவர் கலாநிதி என். எம். பெரேரா. லண்டனில் படித்த பொருளியல் அறிஞர். பின்னாளில் எட்டியாந்தோட்டையின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1970 முதல் 1975 வரை நிதியமைச்சராகவும் இருந்தார். அந்த ஆட்சிக் காலத்திலேயே, 1973-இல், அரிசிப் பங்கீடு குறைக்கப்பட்டது. உலகச் சந்தையில் விலை ஏறியதும் அந்நியச் செலாவணி வற்றியதும் காரணங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆயினும் கூப்பனை விட்டால் வேறு வழியற்றவர் தோட்டத்து மக்கள். கிராமத்தவருக்கு வீட்டுத் தோட்டமிருந்தது, பலாமரமிருந்தது, கித்துள் மரமிருந்தது. லயத்தில் இருந்தது ஓர் அறையும் ஒரு திண்ணையும் மட்டுமே.

அப்போது நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். 1974-இல் தோட்டங்களில் நிகழ்ந்த பட்டினிச் சாவுகள் குறித்து நான் எழுதியனுப்பிய நீண்ட செய்தி, உள்பக்கத்தில் ஆறு வரிகளாக வெளிவந்தது. காரணம் கேட்டபோது, “இடமில்லை, தம்பி” என்றார் ஆசிரியபீடத்து மூத்தவர் ஒருவர். அந்தப் பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

அதற்கு அடுத்த ஆண்டு, 1975-இல், பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. பின்னர் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் ஒத்துழைப்பும் அதற்குக் கிடைத்தது. அந்தத் துறையில் எத்தனையோ நல்ல ஆய்வாளர் உருவாயினர். 1990களில் சப்ரகமுவவுக்கும் பெலிஹுல்ஓயாவில் ஒரு பல்கலைக்கழகம் வந்து, அங்கும் விவசாய பீடம் அமைந்தது. இவற்றின் பயனைக் குறைத்துக் கூறுவது என் நோக்கமன்று. ஆனால் விதையும் மண் பரிசோதனையும் போய்ச் சேர்வது நிலமுள்ளவனிடம்தானே? நிலமற்றவனுக்கு எந்தப் பேராசிரியர் என்ன ஆலோசனை சொல்ல முடியும்?

அறிவு இருந்தும் அதைக் கேளாத கொடுமையும் நடந்தது. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடை செய்யப்பட்டபோது, பேராதனை விவசாய பீடத்தவர் உள்ளிட்ட பலர் வெளிப்படையாக எச்சரித்தனர். அரசு செவிமடுக்கவில்லை. நவம்பரில் தடை நீங்குவதற்குள் நெல்லும் தேயிலையும் அடிபட்டன. மறு ஆண்டு நெருக்கடியில் முதலில் வயிற்றைக் கட்டியவர்களுள் தோட்டத்தவரும் அடங்குவர். அவர்கள் நிலை அதற்கு முன்பும் நன்றாக இருக்கவில்லை. 2016-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதோர் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கு 17 பேர்; தோட்டங்களில் 32 பேர்.

கடைசியாகக் கித்துல்கல சென்றபோது, குகையைப் பார்த்துவிட்டு அருகிலிருந்த ஒரு தோட்டத்து லயத்தில் தண்ணீர் கேட்டேன். கொடுத்தவர் முதிய பால் வெட்டுத் தொழிலாளி. “எழுபத்துநாலுல மரவள்ளியும் பலாக்கொட்டையும் இல்லாட்டி நாங்க இல்லீங்க ஐயா” என்றார். லயத்தின் பின்னால் பத்தடி அகலத்தில் மரவள்ளியும், இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளும், ஒரு பூசணிக் கொடியும் இருந்தன. மண்ணை நன்றாகப் பண்படுத்தியிருந்தார்.

“இந்தத் துண்டு நிலம் உங்களுக்கு எழுதித் தந்ததா அம்மா?” என்று கேட்டேன்.

“இல்லீங்க, கம்பெனியோடது. கேட்டா விட்டுறணும்” என்று சொல்லிவிட்டு, எனக்குக் கொடுப்பதற்காக ஒரு கிழங்கைத் தோண்டத் தொடங்கினார்.