குப்பிக்குள் வந்த சண்டை மீன்

வண்ண மீன் விற்கும் கடைகளில் ஓர் அடுக்கு முழுவதும் சிறு குப்பிகளாக இருப்பதை வாசகர்கள் பார்த்திருப்பார்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஒரே ஒரு மீன். நீலம், சிவப்பு, ஊதா என்று பட்டுத்துணி போல் விரிந்த துடுப்புகள். கடைக்காரர்கள் ‘ஃபைட்டர்’ என்பார்கள். நூலில் இதன் பெயர் பெட்டா ஸ்ப்ளெண்டன்ஸ். தமிழில் சயாம் சண்டை மீன் எனலாம். “இதற்குத் தொட்டி வேண்டாம், காற்றுக்குழாய் வேண்டாம்; பாட்டிலிலேயே இருக்கும்” என்று சொல்லித்தான் விற்கிறார்கள். இரண்டு முதல் நான்கு ஆண்டுகள் வரை வாழக்கூடிய இந்த மீன், வீட்டுக்கு வந்த சில வாரங்களிலேயே இறந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்தப் பேச்சே காரணம். மீனுக்கும் குப்பிக்கும் உறவு ஏற்பட்ட கதையைப் பார்த்தால், கடைக்காரர் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு பிழை என்பது விளங்கும்.

இன்று தாய்லாந்து எனப்படும் சயாமின் நெல் வயல்களும் சதுப்புகளும் இதன் தாயகம். அங்கே இதைப் ‘பிளா கட்’ என்பர். கடிக்கும் மீன் என்று பொருள். ஆண் மீன்கள் இரண்டு எதிர்ப்பட்டால் துடுப்பைக் கிழித்துக்கொண்டு போரிடும். இதை வைத்துப் பந்தயம் கட்டுவது சயாம் மக்களின் நெடுநாளைய வழக்கம். மனிதர் இம்மீனைப் பழக்கி வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1,000 ஆண்டுகளாவது ஆகியிருக்க வேண்டும் என்று, மரபணுத் தொகுதியை ஆராய்ந்து 2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டுகிறது. 2019-இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது.

சண்டைக்கென வளர்க்கும் ஆண் மீன்களை ஒன்றாக விட முடியாது. ஆகவே தனித்தனிக் குப்பி. குப்பி வந்தது மீனின் தேவைக்காக அன்று, சண்டையைத் தள்ளிப்போடுவதற்காக! அந்தக் குப்பிகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தான். நீரை மாற்றினான், கொசுப்புழு பிடித்து வந்து போட்டான். பந்தயப் பணம் அந்த மீனை நம்பி இருந்ததல்லவா?

மேலை நாட்டு அறிவியலுக்கு இதை அறிமுகப்படுத்தியவர் பினாங்கில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த தியோடர் கேன்டர். சயாம் மன்னர் 1840-இல் தம் மீன்கள் சிலவற்றை ஒருவருக்குப் பரிசளிக்க, அவர் வழியாக அவை கேன்டரிடம் வந்தன. 1849-இல் கேன்டர் விவரம் எழுதினார். கண்ணாடியில் தன் உருவத்தைக் கண்டாலே மீன் சிலிர்த்து நிறம் கொள்வதையும், மீன் சண்டை நடத்தும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டு மன்னருக்கு வருவாய் தருவதையும் குறித்தார். ஆனால் பினாங்கு மலையடி ஓடைகளில் வாழும் வேறொரு மீனையும் இதையும் அவர் ஒன்றாகவே கருதிவிட்டார். அறுபது ஆண்டுகள் இக்குழப்பம் நீடித்தது. லண்டன் அருங்காட்சியகத்தின் சார்லஸ் டேட் ரீகன், சயாம் மீன் வேறு இனம் என்று பிரித்து, 1910-இல் அதற்கு இப்போதைய பெயரைச் சூட்டினார். இது வெறும் பெயர்ச் சண்டை அன்று. ஓடை மீன் குஞ்சுகளை வாயில் அடைகாக்கும். சயாம் மீன் அசையாத நீரின் மேல் நுரைக்கூடு கட்டும். அசையாத, வெதுவெதுப்பான, தாவரம் அடர்ந்த ஆழமற்ற நீர் என்பதுதான் இதன் இயல்பான வீடு.

அத்தகைய நீரில் ஆக்சிஜன் குறைவு. 28 டிகிரி செல்சியசில் காற்றோடு நன்கு கலந்த ஒரு லிட்டர் நீரில்கூட ஏறத்தாழ 8 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். அதே வெப்பநிலையில் ஒரு லிட்டர் காற்றில் 270 மில்லிகிராம் உண்டு. முப்பது மடங்குக்கும் மேல். அழுகும் இலைகள் நிறைந்த நீரில் அந்த எட்டும் இராது. எனவே இம்மீன் மேலே வந்து காற்றையே விழுங்குகிறது. தலையில், செவுள்களுக்கு மேலே, மடிப்பு மடிப்பான ஓர் உறுப்பு உண்டு. அதன் மெல்லிய தோலில் ஓடும் இரத்தம் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது.

இந்த உறுப்பைப் பற்றிய ஆராய்ச்சியில் நம் கடற்கரைக்கும் பங்கு உண்டு. 1791 நவம்பரில், தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ் அதிகாரி டால்டார்ஃப், குளக்கரைப் பனை ஒன்றில் நீர்மட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில் ஒரு மீனைக் கண்டதாக எழுதினார். சண்டை மீனுக்கு உறவான நம் பனையேறிக் கெண்டைதான் அது. (மீன் ஏறவில்லை, பறவை கொண்டுபோய்ப் போட்டிருக்கும் என்று பின்னாளில் ஐயுற்றவர்களும் உண்டு.) நிலத்தில் மீன் எப்படிப் பிழைக்கிறது? பிரெஞ்சு அறிஞர் குவியே, தலையிலுள்ள மடிப்புகள் நீரைச் சேர்த்து வைத்துச் செவுளை நனைக்கின்றன என்றார். மேதையின் கருத்து, ஆனால் தவறு. 1860-களில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஃபிரான்சிஸ் டே, விரால் போன்ற மீன்கள் மேலே வர முடியாதபடி நீருக்குள் வலையிட்டுத் தடுத்துப் பார்த்தார். நீருக்குள் இருந்தும் அவை மூச்சுமுட்டி இறந்தன! மடிப்புகளின் வேலை நீரைச் சேமிப்பதன்று, காற்றைச் சுவாசிப்பது என்பது இத்தகைய சோதனைகளால் தெளிவாயிற்று.

ஆகவே காற்றுக்குழாய் வேண்டாம் என்பதில் கடைக்காரர் சொல்வது சரி. நீர்ப்பரப்பு திறந்திருந்தால் போதும். கழுத்து வரை நீர் நிரப்பி மூடிவிடக்கூடாது. ஆனால் மூச்சு ஒன்றுதான் வாழ்க்கையா?

மீன் தன் கழிவை அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் விடுகிறது. காற்றைச் சுவாசிக்கும் திறமை இந்த நஞ்சுக்கு எதிராக ஒரு பயனும் தராது. வீட்டுத் தொட்டியின் வரலாறே இதைப் புரிந்துகொண்ட வரலாறு எனலாம். 1850-இல் லண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்த்தாவரமும் நத்தையும் ஒரு கண்ணாடித் தொட்டியில் ஒன்றையொன்று தாங்கி வாழும் என்று காட்டினார். தாவரம் தரும் ஆக்சிஜனையே அவர் காலத்தவர் பெரிதாக எண்ணினர். 1877-இல் ஸ்லோசிங், முன்ட்ஸ் என்னும் பிரெஞ்சுக்காரர்கள், சாக்கடை நீரின் அம்மோனியா நைட்ரேட்டாக மாறுவது உயிர்களின் வேலை என்று நிறுவினர். 1890-ஐ ஒட்டி வினோகிராட்ஸ்கி அந்த பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்தார். தொட்டியின் மணலிலும் வடிகட்டியிலும் இவை குடியேறி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். வழவழப்பான கால் லிட்டர் குப்பியில் இவற்றுக்கு இடம் ஏது?

வெப்பத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இரட்டித்தால் நீரின் அளவு எட்டு மடங்காகும். வெப்பம் கடக்கும் பரப்போ நான்கு மடங்குதான். எனவே சிறு குப்பி விரைவில் சூடேறும், விரைவில் குளிரும். இம்மீனுக்கு ஏற்றது 26 முதல் 28 டிகிரி. ஐரோப்பாவில் தொடக்ககால மீன் வளர்ப்போர் குளிர்காலத்தில் தொட்டிக்கு அடியில் விளக்கேற்றி வைத்தார்கள். நம் சமவெளியில் அது வேண்டாம்; ஆனால் சன்னலோர வெயிலில் குப்பியை வைப்பது மீனை மெல்ல வேகவைப்பதே. பத்து லிட்டருக்குக் குறையாத தொட்டி, மூடி (மீன் துள்ளும்), வாரம் ஒருமுறை கால் பங்கு நீர் மாற்றம் என்பவை போதும். குழாய் நீரானால் குளோரினை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும்.

இனி உணவு. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போட்டுப் பழகிய கை, இதற்கும் பொரியும் ரொட்டியும் போடும். கூடாது. இது பூச்சி தின்னும் மீன். வயலில் கொசுப்புழு, நீர்த்தெள்ளு, நீரில் விழும் சிறு பூச்சிகள் இவையே இதன் உணவு. குளிர்நாட்டவருக்குக் கொசுப்புழு ஆண்டு முழுவதும் கிடைக்காது. 1933-இல் சான் பிரான்சிஸ்கோ மீன் காட்சியகத்தைச் சேர்ந்த ஆல்வின் சீல், உப்பளங்களில் வாழும் ஆர்டீமியா என்னும் சிற்றிறால் நல்ல மீன் உணவு என்று எழுதினார். 1939-இல் நார்வேயின் ரோலெஃப்சன், அதன் புதுக்குஞ்சுகள் மீன் குஞ்சுகளுக்கு ஏற்றவை என்று காட்டினார். அதன் முட்டைகளை உலர்த்தி ஆண்டுக்கணக்கில் வைக்கலாம். உப்பு நீரில் இட்டால் ஏறக்குறைய ஒரு நாளில் பொரிந்துவிடும். மீன் வளர்ப்பில் இதைவிடப் பெரிய வசதி வந்ததில்லை என்பது என் எண்ணம்.

இன்று புரதம் மிகுந்த குருணைத் தீவனம் எளிதில் கிடைக்கிறது. நாளுக்கு ஒன்று அல்லது இரண்டு வேளை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். மீன் எப்போதும் பசித்தது போலத்தான் ஓடிவரும், அதை நம்பக்கூடாது. மிஞ்சிய தீனி அழுகி அம்மோனியாவாகும். தின்ற தீனி மிஞ்சினாலோ வயிறு உப்பி, மீன் ஒருபக்கமாகச் சாய்ந்து மிதக்கும். அப்போது ஓரிரு நாள் பட்டினியே மருந்து. கொசுப்புழு போடுவதானால் சாக்கடையிலிருந்து எடுக்காதீர்கள். தின்னாமல் விட்டவற்றை அகற்றுங்கள், இல்லாவிடில் வீட்டில் கொசு வளர்ப்பவர் ஆவீர்கள். கண்ணாடி காட்டிச் சீற வைப்பது சில நிமிடங்களுக்கு மேல் வேண்டாம். துடுப்பு ஒட்டிப்போதல், நிறம் மங்கல், உணவை மறுத்தல் இவற்றைக் கண்டால் மருந்து தேடுமுன் நீரை மாற்றிப் பாருங்கள்.

சயாம் வளர்ப்பாளர் கைமுறை ஒன்றையும் சொல்ல வேண்டும். சண்டையில் காயம்பட்ட மீனை, நாட்டு வாதுமையின் காய்ந்த இலை ஊறிய நீரில் விடுவார்கள். நம் பள்ளி வளாகங்களில் நிழல் தரும் அதே அகன்ற இலை மரம்தான். இலையிலிருந்து இறங்கும் டானின்கள் நீரைத் தேநீர் நிறமாக்கிச் சற்றே அமிலமாக்கும். அம்மோனியா பெரும் நஞ்சாவது கார நீரில்தான்: 28 டிகிரியில் பி.எச். 8 ஆனால் மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு ஆறேழு பங்கு நச்சு வடிவில் இருக்கும், பி.எச். 7 ஆனால் ஒரு பங்குகூட இராது. எனவே மென்னீரில் இலை ஓரளவு உதவும். நம் ஊர்க் கிணறுகளின் கடின நீரில் ஓரிரு இலைகளால் பி.எச். அசையாது, அங்கே வாளி எடுத்து நீரை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை.