நுவரெலியாவின் பச்சைக்கு வயதென்ன?



சித்திரை பிறந்துவிட்டால் நுவரெலியாவுக்குக் கொண்டாட்டக் காலம் தொடங்கிவிடும். கொழும்பு வெக்கைக்குத் தப்பி வருகின்ற வாகனங்கள் இறம்பொடை வளைவுகளிலும் கினிகத்தேனை ஏற்றத்திலும் எறும்புச் சாரைபோல் ஊர்ந்துகொண்டிருக்கும். கிறகரி வாவியிலே படகுச் சவாரி, விக்டோரியா பூங்காவிலே பூக்காட்சி, சீதா எலியவிலே ஒரு கும்பிடு, ஹக்கலையிலே குரங்குகளோடு சிறிது நேரம். பிறகு லீக்ஸும் கரட்டும் கட்டுக்கட்டாக வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவார்கள்.

"இயற்கை அன்னை அள்ளி வழங்கிய எழில்" என்று பள்ளிக்கூடத்துக் கட்டுரையிலே நாமெல்லாம் எழுதியிருக்கிறோம். நானும் எழுதிப் புள்ளி வாங்கியவன்தான். அந்த வரியைத்தான் இன்று சற்று நிறுத்திப் பார்க்க விரும்புகிறேன். இந்த எழிலிலே இயற்கை அன்னை தந்தது எவ்வளவு? மனிதர் கை செய்தது எவ்வளவு? அந்தக் கைகள் யாருடையவை?

கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலே, இலங்கையின் அதியுயர்ந்த சிகரமான பிதுருதலாகலையின் அடிவாரத்திலே கிடக்கிறது இந்த வெளி. 1819ஆம் ஆண்டு இங்கு வந்த ஜோன் டேவி என்ற பிரித்தானிய இராணுவ வைத்தியர் கண்டது புல்வெளியும் அதைச் சூழ்ந்த இருண்ட காடுமே. மனிதக் குடியிருப்பு இல்லாத இந்த இடத்தை யானைகளும் காட்டு விலங்குகளும் ஆண்டன என்று அவர் எழுதிவைத்தார். விசித்திரம் என்னவென்றால், அதே 1819ஆம் ஆண்டிலேதான் கடலுக்கு அப்பால் ஜோன் சல்லிவன் என்ற கலெக்டர் நீலகிரி மலையில் ஏறினார். உதகமண்டலத்தின் கதை அங்கிருந்து தொடங்குகிறது. இரண்டு மலைகளும் ஒரே ஆண்டில் துரைமாரின் கண்ணில் பட்டன. இந்த இரண்டுக்கும் பின்னாளில் இன்னொரு உறவும் ஏற்பட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் இங்கே தனக்கொரு மாளிகையையும், நோயுற்ற படைவீரர் உடல் தேறுவதற்கு ஓர் இல்லத்தையும் அமைத்தார். அந்த மாளிகையே பின்னர் கிராண்ட் ஹோட்டலாக வளர்ந்தது. சரி, யானைகள் என்னவாயின? மேஜர் ரொஜர்ஸ் என்ற அதிகாரி மாத்திரம் ஆயிரத்து நானூறுக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்வார்கள். 1845இல் அப்புத்தளையிலே மின்னல் தாக்கி அவர் இறந்தார். நுவரெலியா கோல்ஃப் மைதானத்தருகே உள்ள அவருடைய கல்லறையையும் மின்னல் விடவில்லை என்பது இவ்வூர்ப் பேச்சு. யானை இட்ட சாபம் என்பார்கள். சாபத்தை நான் நம்புவதில்லை. ஆனால் கதையை விடவும் மனமில்லை.

அவருக்குப் பின் வந்தவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்திலே ஆபிரிக்காவில் நைல் நதியின் மூலத்தைத் தேடிப்போய், 1864இல் அல்பேட் ஏரியைக் கண்டவர் இவர்தான். அதற்கு முன்பு இங்கிலாந்திலிருந்து மாடு, வேட்டைநாய், கொல்லர், கமக்காரர் எல்லாரையும் கப்பலேற்றிக் கொண்டுவந்து நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தை உண்டாக்கப் பார்த்தார். 1855இல் உடல் நலிந்து திரும்பிப் போனார். இன்று நாம் பையில் கட்டிக்கொண்டு போகும் சீமை மரக்கறி இந்த மண்ணிலே வேர்கொண்ட கதையில் அவருக்கும் பங்குண்டு.

நேயர்களே, "இயற்கைக் காட்சிகள்" ஒவ்வொன்றின் பிறப்பையும் கேட்டுப் பாருங்கள். கிறகரி வாவி, சதுப்பு நிலத்திலே ஓடிய ஓடையை மறித்து 1873ஆம் ஆண்டு தேசாதிபதி வில்லியம் கிறகரி அமைப்பித்த வாவி. ஹக்கலைப் பூங்கா 1861இல் பூவுக்காகத் தோன்றியதல்ல. மலேரியாக் காய்ச்சலுக்குக் கொயினா மருந்து தரும் சிங்கோனா மரத்தை வளர்த்துப் பார்க்கும் தோட்டமாகத்தான் அது தோன்றியது. விக்டோரியா பூங்கா, 1897இல் அரசியார் அரியணையேறிய அறுபதாண்டு நிறைவையொட்டிப் பெயர் பெற்றது. பனிக்காலத்தில் அங்கே வந்து தங்கும் காஷ்மீரத்து ஈப்பிடிப்பானைப் பார்க்கவென்று வெளிநாட்டவர் தொலைநோக்கியோடு காத்திருக்கிறார்கள். அந்தக் குருவி மட்டும் எந்தத் தேசாதிபதியின் உத்தரவையும் கேட்டு வந்ததில்லை!

இனி, எல்லாவற்றிலும் பெரிய காட்சிக்கு வருவோம். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மலைகளின்மேல் விரித்துக் கிடக்கிற பச்சைக் கம்பளம். புகைப்படம் எடுக்காதவர் இல்லை. ஆனால் தேயிலை ஒரு செடியே அல்ல, மரம். விட்டுவிட்டால் முப்பதடி உயரத்துக்கும் வளரும். அதை இடுப்பளவிலே நிறுத்திவைப்பது கவ்வாத்துக் கத்தி. மேலே மேசைபோல் மட்டமாக வைத்திருப்பது, ஏழெட்டு நாளைக்கு ஒருதரம் அதே தூருக்குத் திரும்பி வந்து கொழுந்து கிள்ளுகிற பெண்ணின் விரல். சரிவிலே மண் கரைந்து ஓடாமல் கான் வெட்டியதும், கல்லடுக்கியதும், முள்ளுக்குத்தியதும் ஆண்கள். விடியற்காலையில் தப்புச் சத்தத்திற்கு எழும்பிப் பெரட்டுக்களத்துக்கு ஓடி, நிரை பிடித்து ஏறியவர்கள் உண்டாக்கிய பச்சை இது. மலைச்சரிவு முழுவதும் ஒரே உயரத்தில் பச்சையாய் இருப்பது இயற்கைக்குத் தெரியாத வித்தை. சில ஆண்டுகள் அந்தக் கைகள் ஓய்ந்தால் கம்பளம் மறுபடி காடாகிவிடும். கைவிடப்பட்ட தோட்டங்களிலே இதை நேரில் காணலாம்.

தேயிலைக்கு முன்பு இந்த மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் கோப்பி இலையிலே செந்தூள் நோய் கண்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இலேயே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரிலே தேயிலை நட்டிருந்தார். துரைமார் அதைப் பற்றிக்கொண்டார்கள். தங்கள் ஊர்ப் பெயர்களையே தோட்டங்களுக்கும் சூட்டினார்கள். ஹோலிரூட், லோகி, டன்சினன். ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகம் படித்தவர்களுக்கு டன்சினன் குன்று நினைவிருக்கும். அங்கே காடு நடந்து மலைக்கு வந்தது. பூண்டுலோயாப் பக்கத்து டன்சினனிலோ காடு மலையைவிட்டுப் போயிற்று. நடந்து வந்தவர்கள் மனிதர்கள்.

ஆம், நடந்துதான் வந்தார்கள். இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, சேலம் என்று பல சீமைகளிலிருந்து பஞ்சம் துரத்த, கங்காணி முன்செல்ல, தோணியேறித் தலைமன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டுவழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும் வழியெங்கும் பலி கொண்டன. கோப்பிக்காலத்தில் அந்தப் பாதையில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. துரைமாரின் வேட்டையில் விழுந்த யானைகளுக்குக் கணக்கிருக்கிறது!

வீதியும் புகையிரதப் பாதையும் பிறகு வந்தன. ஹட்டனுக்கு 1884இலும் நானுஓயாவுக்கு 1885இலும் புகையிரதம் ஏறிற்று. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையே சிங்கமலைச் சுரங்கத்தின் இருட்டிலே வண்டி நுழையும்போது பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். இந்தப் பயணமே இன்று உலகம் புகழும் ஒரு சுற்றுலாக் காட்சி. அது கோப்பியும் தேயிலையும் கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்குவதற்காகப் போட்ட பாதை.

அப்படியானால் தொடப்படாத இயற்கையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. வாவி கட்டிய அதே 1873ஆம் ஆண்டு, தாவரவியல் அறிஞர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாமல் விடவேண்டும் என்று அரசாங்கத்துக்கு ஆலோசனை சொன்னார். ஆறுகளின் ஊற்றுக்கண்கள் வற்றிவிடும் என்பதே காரணம். முழுமையாக அது கேட்கப்படவில்லை என்பதற்கு நுவரெலியாவைச் சுற்றிய தோட்டங்களே சாட்சி. என்றாலும் ஹோர்ட்டன் சமவெளி தப்பியது. 1988இல் தேசிய பூங்காவாகி, 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமையின் பகுதியாயிற்று. உலக முடிவிலே நின்று ஏறக்குறைய 870 மீற்றர் பள்ளத்தை எட்டிப் பார்க்கும்போது, அடியிலே தெரிவது மறுபடியும் தேயிலைதான்.

இனி, முன்பு சொல்வதாகச் சொன்ன உறவு. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையகத் தமிழர் ஏழு பேர் இலங்கை இந்தியன் காங்கிரசின் பேரால் பாராளுமன்றம் சென்றார்கள். தலவாக்கலையில் வென்றவர் கவிஞர் ஸி. வி. வேலுப்பிள்ளை. தோட்டத்து நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்துத் தந்த அதே வேலுப்பிள்ளைதான். மறு ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் வந்தது. வாக்குரிமையும் பறிபோனது. 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கு, 3,00,000 பேரை இலங்கைக்கு என்று பங்கிட்டது. மலைநாட்டுப் புகையிரத நிலையங்களிலே அழுகுரல் கேட்ட காலம் அது. போனவர்களிலே கணிசமானோர் எங்கே குடியேறினார்கள் தெரியுமா? நீலகிரியிலே! அவர்களுக்காகவே தமிழக அரசு 1968இல் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அவர்கள் மறுபடி கூடையைத் தலையில் மாட்டினார்கள். இன்று ஊட்டிக்குப் போகும் சுற்றுலாப் பயணி பார்த்து மகிழும் பச்சையிலும் நம் ஹட்டன், நுவரெலியா ஆட்களின் கைரேகை உண்டு.

இங்கே எஞ்சியிருந்தவர்களின் நாடற்ற நிலை தீர்வதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2023இல், முதல் வருகைக்கு இருநூறு ஆண்டு என்று சொல்லி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை அந்தப் பழைய வழியை மலையக மக்களும் அவர்களோடு மற்றவர்களும் நடந்தே கடந்தார்கள்.

கடைசியாக, ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் வீதியிலே ஒரு நிமிடம் நில்லுங்கள். ஒருபுறம் டெவன் நீர்வீழ்ச்சி. அயலிலே கோப்பி பயிரிட்ட ஒரு துரையின் பெயர் அதற்கு. சற்றுத் தள்ளி, அகன்று விழும் சென் கிளையர். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் இயங்கத் தொடங்கியபோது, தலவாக்கலையில் ஆற்றை மறித்து, 13 கிலோமீற்றர் சுரங்கத்தால் நீரைத் திருப்பினார்கள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. மலையகத்திலே பலத்த எதிர்ப்பு இருந்தது. அதனால் சென் கிளையரை அடியோடு காயவிடாமல், பகல் வேளையில் குறித்த அளவு நீரைத் திறந்துவிடும் ஏற்பாடு செய்யப்பட்டது. பார்வையாளர் வரும் நேரத்திலே அருவி விழும். பொழுது சாய்ந்து, வீதியோரத்துத் தேநீர்க்கடைகளும் மூடியபின், கொழுந்து நிறுத்து முடித்த பெண்கள் லயத்துக்கு ஏறிப்போகிற நேரத்திலே, அருவியின் சத்தம் மெல்லத் தணிந்துவிடுகிறது.