மாணவர் ஏட்டில் ஆசிரியர் வழக்கு

நான் தலைமையாசிரியனாக இருந்த காலத்தில் எங்கள் பள்ளி மாணவர்கள் கையெழுத்துப் பத்திரிகை ஒன்று நடத்தினார்கள். அதற்கு நான் எழுதிக் கொடுத்த கட்டுரையில் ஆண்டு ஒன்று பிழையாக இருப்பதாகப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் குறித்துத் திருப்பி அனுப்பினான். எனக்குச் சினம் வந்தது. நூலைப் புரட்டிப் பார்த்தேன், பிழை என்னுடையதே. திருத்திக் கொடுத்தேனே ஒழிய, அந்தச் சிறுவனிடம் ஒரு நல்ல சொல் சொன்னேனில்லை. அமெரிக்காவில் சட்ட மாணவர்கள் நடத்தி வரும் ஓர் ஏட்டின் வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் அவன் முகமே என் கண்முன் நிற்கிறது.

அவ்வேட்டின் பெயர் ஹார்வர்டு லா ரிவ்யூ. 1887-ஆம் ஆண்டு ஏப்ரலில் அதன் முதல் இதழ் வெளிவந்தது. அதற்கு முன்னரே ஆல்பனியிலும் கொலம்பியாவிலும் மாணவர்கள் தொடங்கிய சட்ட ஏடுகள் நெடுநாள் நிலைக்கவில்லை, இது நிலைத்தது. இதில் விந்தை யாதெனில், கட்டுரை எழுதுவோர் பேராசிரியர்கள், நீதிபதிகள். அதனை ஏற்பதும் தள்ளுவதும், வரிக்கு வரி திருத்துவதும், அடிக்குறிப்பில் காட்டிய தீர்ப்பு உண்மையில் அவ்வாறுதான் கூறுகிறதா என்று மூலத்தை எடுத்துச் சரிபார்ப்பதும் மாணவர்கள். மாணவருக்கு என்ன தெரியும் என்று கேட்கும் அறிஞர்கள் அங்கும் உண்டு. அக்கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை.

1931-இல் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் அடால்ஃப் பெர்லி இவ்வேட்டில் கம்பெனிச் சட்டம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெரிய கம்பெனிகளில் பணம் போட்டவர்கள் நாடெங்கும் சிதறிக் கிடந்தார்கள். அதிகாரமோ ஒருசில நிர்வாகிகளின் கையில் குவிந்திருந்தது. அந்த அதிகாரம் யாவும் பங்குதாரர்களின் நன்மைக்காக ஒப்படைக்கப்பட்டதே என்பது பெர்லியின் கட்சி. மறு ஆண்டு ஹார்வர்டுப் பேராசிரியர் மெரிக் டாட் அதே ஏட்டில் மறுப்பு எழுதினார். கம்பெனி நிர்வாகிகள் யாருக்குத் தருமகர்த்தாக்கள் என்ற கேள்வியையே அதற்குத் தலைப்பாக வைத்தார். பொருளாதாரப் பெருமந்தம் நாட்டை வாட்டிய காலம் அது. ஆலைகள் மூடப்பட்டு, வேலையிழந்தோர் ரொட்டிக்காக வரிசையில் நின்ற காலம். தொழிலாளிக்கும், பொருளை வாங்குவோருக்கும், பொதுமக்களுக்கும் கம்பெனி கடமைப்பட்டதன்றோ என்பது டாட் அவர்களின் வாதம்.

பெர்லி சில வாரங்களிலேயே விடை தந்தார். அவ்விடையைக் கல்நெஞ்சம் என்று எண்ணிவிடலாகாது. தொழிலாளியின் துயரை அவர் மறுத்தாரில்லை. நிர்வாகி யாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதைத் தெளிவாக வரையறுக்காமல், பங்குதாரர்களின் பிடியை மட்டும் தளர்த்தினால், அவர் எவருக்கும் கட்டுப்படாதவர் ஆகிவிடுவார் என்பதே அவருடைய அச்சம். கோயில் தருமகர்த்தா ஒருவர், 'நான் ஊர் முழுவதற்கும் பொறுப்பு. ஆகவே இன்னாரிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்பதில்லை' என்று சொன்னால் எப்படியிருக்கும்? உவமை என்னுடையது, குறையிருந்தால் பழி பெர்லியின்மேல் வேண்டா.

பிறகு நடந்தது வேடிக்கை. 1942-இல் டாட் தம் பழைய கருத்தைப் பற்றித் தாமே ஐயம் தெரிவித்தார். 1953-இல் நியூ ஜெர்சி உச்சநீதிமன்றம், ஒரு கம்பெனி பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு 1,500 டாலர் நன்கொடை கொடுத்தது செல்லும் என்று தீர்ப்பளித்தது. 1954-இல் பெர்லி, வழக்கு டாட் பக்கமே முடிந்தது என்று எழுதினார். ஆயினும் 1959-இல், உலகம் அவ்வாறு நடக்கிறது என்று ஒப்புவது வேறு, அதுவே சரி என்று ஒப்புவது வேறு என்றும் கூறிக்கொண்டார். தோல்வியை ஒப்புக்கொண்ட பின்னும் அம்மனிதர் தம் கேள்வியைக் கைவிடவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது.

இந்தியாவில் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டம் டாட் வழியில் வெகுதூரம் சென்றுள்ளது. குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட கம்பெனிகள் மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது 135-ஆம் பிரிவு. 166-ஆம் பிரிவோ, இயக்குநர்கள் பங்குதாரர்கள், ஊழியர்கள், சமூகம், சுற்றுச்சூழல் ஆகிய அனைத்தின் நன்மையையும் கருத வேண்டும் என்கிறது. பெங்களூரில் உள்ள தேசியச் சட்டப் பள்ளியில் வணிகச் சட்டத்துக்கென்றே ஏடு ஒன்றை மாணவர்கள் நடத்துகிறார்கள். அவர்கள் ஆராய்வதற்கு இங்கே நிறைய இருக்கிறது. ஊழியர் நன்மையை இயக்குநர் கருதத் தவறினால், அந்த ஊழியர் எந்த வாயிலில் சென்று கணக்குக் கேட்பது என்பதை 166-ஆம் பிரிவு சொல்லவில்லை.